தொட்டியின் மேல் விழுந்த பழி

எழுந்து நிற்காதீர்கள், உட்காருங்கள். ஓய்வு பெற்றவளுக்கு யாரும் பயப்பட வேண்டியதில்லை. மைக்கும் வேண்டாம். என் குரல் இரண்டு வார்டு தாண்டிக் கேட்கும் என்று என்னோடு வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். பாராட்டாகச் சொன்னார்களா என்பது வேறு விஷயம்.

நீங்கள் ஒவ்வொருவராக எழுந்து உங்கள் ஆராய்ச்சி ஆர்வம் எது என்று சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். முன் வரிசைத் தம்பிக்கு, காசநோய்க் கிருமி நுரையீரலுக்குள் வருடக்கணக்கில் சத்தமில்லாமல் எப்படிக் குடியிருக்கிறது என்று தெரிய வேண்டும். பச்சைச் சுடிதார் போட்ட பெண்ணுக்கு, எந்த மருந்துக்கும் அடங்காத கிருமிகள் மேல் கண். கடைசி வரிசையில் ஒருவர் மூச்சு விடாமல் ஒரு பெரிய பத்தியை ஒப்பித்தார். எனக்குப் பாதிதான் புரிந்தது. சொன்னவருக்கும் அவ்வளவுதான் புரிந்திருக்கும். சிரிக்காதீர்கள், உங்களில் பலர் அதே பத்தியைத்தான் கொஞ்சம் மாற்றிச் சொன்னீர்கள்.

எல்லாம் நல்ல ஆர்வங்கள்தான். குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் ஒரு கிருமியின் மேல் ஆசை வைத்துவிட்டால், அதைத் தேடிப் போகிற இடத்தில் எல்லாம் அது இருக்க வேண்டும் என்று மனசு அடம்பிடிக்கும். இல்லாத இடத்திலும் இருப்பதாகத் தோன்றும். என்னிடம் படித்த ஒரு பெண்ணுக்கு அப்படி ஒரு மழைக்காலம் வந்தது. அதைச் சொல்லிவிட்டுப் போகலாம் என்றுதான் இன்றைக்கு வந்தேன்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு மருத்துவமனை. பெயர் வேண்டாம், உங்களுக்கு அது முக்கியமும் இல்லை. மேலே வார்டு, கீழே லேப், லேபுக்குப் பின்னால் ஆராய்ச்சிக்கென்று இரண்டு அறைகள். நான் அங்கே நுண்ணுயிரியல் துறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற இன்னும் சில மாதங்கள்தான் இருந்தன. அப்போது என்னிடம் ஆய்வு செய்துகொண்டிருந்தவள் நஸ்ரின். அறந்தாங்கிப் பெண். அத்தா வளைகுடாவில். வீட்டில் முதல் பட்டதாரி என்கிற பெருமையும் அதனால் வருகிற பதற்றமும் அவளிடம் சேர்ந்தே இருந்தன. ஒரு டெஸ்ட் சரியாக வரவில்லை என்றால் முதலில் தன்னைத்தான் திட்டிக்கொள்வாள்.

அவளுடைய ஆர்வம் டெங்கு. டெங்கு வந்தவர்களில் பெரும்பாலோர் எழுந்து வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். சிலருக்கு மட்டும் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து நெஞ்சிலும் வயிற்றிலும் சேர்ந்து, உயிருக்கே வந்துவிடுகிறது. ஏன் அந்தச் சிலருக்கு மட்டும்? இதுதான் அவள் கேள்வி. நல்ல கேள்வி. ஆனால் அதற்குப் பதில் தேட வேண்டுமானால், உயிருக்கே வந்த ஆட்களின் ரத்தம் வேண்டும். நம் தொழிலில் இருக்கிற அசிங்கமான விஷயம் இது. நோயாளி எவ்வளவு மோசமாக இருக்கிறாரோ, அவ்வளவுக்கு அது நமக்கு 'நல்ல கேஸ்'. வாயில் அப்படித்தான் வரும். உங்களுக்கும் வரும். வரும்போது கொஞ்சம் கூசட்டும்.

அந்த வருடம் ஐப்பசி மழை வலுத்துப் பெய்தது. காய்ச்சல் வார்டில் கட்டிலுக்கு நடுவே பாய். வந்தவர்களுக்கெல்லாம், ஒரு சொட்டு ரத்தம் விட்டால் கோடு காட்டுகிற டெங்கு கார்டு டெஸ்ட், பாசிட்டிவ் என்றால் டெங்கு. அருள்மேரி என்கிற அம்மா வந்தது அப்போதுதான். வல்லத்திராக்கோட்டைப் பக்கம் விவசாயக் குடும்பம். வரும்போதே மூச்சு வாங்கியது. கார்டு பாசிட்டிவ். நஸ்ரின் போய் ஒரு டியூப் ரத்தம் எடுத்து வந்தாள். மறுநாளே அந்த அம்மா இறந்துவிட்டார். அந்த டியூப் நேராக உறைபெட்டிக்குள் போனது. மோசமான கேஸ்களை எல்லாம் கடைசியில் மொத்தமாகப் போட்டுப் பார்க்கலாம் என்று பத்திரமாக எடுத்து வைத்திருந்தாள். அவள் சேகரிப்பிலேயே அதுதான் மிக மோசமான கேஸ், அதாவது மிக நல்ல கேஸ்.

கொஞ்ச நாளில் அருள்மேரியின் தங்கை ஸ்டெல்லா அதே வார்டுக்கு வந்தார். ஆவூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் பள்ளிக்கூட டீச்சர். கணவர் வெளிநாட்டில். கூட இருந்து பார்த்துக்கொள்ள வந்தவர், மனைவியை இழந்த அக்கா கணவர் சவரிமுத்துதான். மனைவிக்குப் பதினாறாம் நாள் காரியம்கூட முடியாத நிலையில், அதே வார்டில், அதே ஜன்னலோரம், கொழுந்தியாளுக்குக் காவல். வேண்டியதை எல்லாம் செய்வார். கஞ்சி வாங்கி வருவார், மாத்திரை எடுத்துக் கொடுப்பார். ஆனால் முகம் கொடுத்து ஒரு வார்த்தை பேச மாட்டார்.

ஏன் என்று நஸ்ரினுக்குத்தான் முதலில் தெரிந்தது. தினமும் ரத்தம் எடுக்கப் போவாள் அல்லவா, அதனால் டீச்சருக்கும் அவளுக்கும் ஒரு பழக்கம். "வந்துட்டியா கொசு, குடி குடி, இன்னும் மிச்சமிருக்கு" என்று கையை நீட்டுவாராம். அப்படிப் பேசிக்கொண்டிருந்தவர் ஒரு நாள் அழுதுவிட்டார். அக்கா காய்ச்சலில் விழும் முன்னால் ஒரு வாரம் தங்கை வீட்டில் தங்கியிருந்திருக்கிறார். இறந்த பிறகு கொசு ஒழிப்பு ஆட்கள் வந்து பார்த்ததில், டீச்சர் வீட்டுக் கொல்லையில் இருந்த சிமெண்ட் தொட்டியில் புழு நெளிந்திருக்கிறது. தெரு முழுக்கப் பார்த்திருக்கிறது.

"எங்க வீட்டுத் தொட்டித் தண்ணிதான்டி எங்கக்காவக் கொன்னுருச்சு. புள்ளைகளுக்கு கிளாஸ்ல சுத்தம் சொல்லிக்குடுக்குறவ நான். மச்சான் கடப்பாரையோட வந்து தொட்டிய ஒடச்சுப் போட்டாரு. அன்னைலேருந்து எங்க வீட்ல பச்சத் தண்ணி வாயில வைக்கல."

நஸ்ரின் இதை என்னிடம் சொன்னபோது நான் உச்சுக் கொட்டியிருப்பேன். என்ன செய்ய முடியும்? டெங்கு கொசுவால் வருகிறது, கொசு தண்ணீரில் பிறக்கிறது. மறுத்துச் சொல்ல எங்களிடம் ஒன்றும் இல்லை.

அப்புறம் ஒரு மத்தியானம் நஸ்ரின் என் அறைக்கு வந்தாள். ஸ்டெல்லா டீச்சரின் சாம்பிளை ஆய்விலிருந்து நீக்க அனுமதி வேண்டுமாம்.

"ஏன்?"

"சேரல மேம். கார்டு மட்டுந்தான் பாசிட்டிவ். நான் தேடுனா வைரஸே கெடைக்கல. ஆன்டிபாடியும் மொத நாள் எப்புடி இருந்துச்சோ அப்புடியேதான் இருக்கு, நாளுக்கு நாள் ஏறணும், ஏறவே மாட்டேங்குது. திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்துட்டேன். நாந்தான் எங்கயோ சொதப்பிட்டேன் போல."

"கூடப் போட்ட மத்த சாம்பிள்லாம்?"

"அதெல்லாம் கரெக்டா வருது மேம்."

"அதெல்லாம் கரெக்டா வருதுன்னா, ஒன் டெஸ்ட் மேல எதுக்குப் பழி போடுற?"

கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தபடியேதான் கேட்டேன். சேராத சாம்பிளை ஒதுக்குவது நம் வழக்கம். கோடு நேராக வரும், ஒரே ஒரு புள்ளி மட்டும் தனியாக எங்கேயோ நிற்கும், எடுத்துவிட்டால் கோடு இன்னும் அழகாகிவிடும். தப்பில்லாமல் செய்கிற முறைகளும் இருக்கின்றன. ஆனால் அந்தப் புள்ளி மேல் மாடியில் மூச்சு வாங்கிக்கொண்டு படுத்திருக்கிறது. ஆய்விலிருந்து நீக்கினால் கட்டிலிலிருந்தும் நீக்கியதாக ஆகிவிடுமா?

நஸ்ரின் கையிலிருந்த ரிசல்ட் தாளைத் திரும்பப் பார்த்தாள். பிறகு அவள் முகம் மாறியது.

"அப்ப அவங்களுக்கு டெங்குவே இல்லையா மேம்?"

அவ்வளவுதான். இத்தனை நாளும் அவள் கேட்காத கேள்வி அது. அவள் மட்டுமா, வார்டில் யாரும் கேட்கவில்லை. எப்போதோ வந்துபோன பழைய டெங்குவுக்குக்கூட அந்தக் கார்டு மாதக்கணக்கில் பாசிட்டிவ் காட்டும். புத்தகத்தில் எல்லோரும் படித்ததுதான். மழைக்காலத்தில் ஊரே டெங்கு டெங்கு என்று அலறும்போது, படித்தது எங்கே ஞாபகம் வருகிறது?

"டெங்கு இல்லேன்னா வேற என்ன?" என்றேன். "வயல் வேலை, காடு மேடு, ஆடு மாடு எதாச்சும் உண்டா அந்தம்மாவுக்கு?"

"டாக்டர் கேட்டாரு மேம். 'நான் டீச்சருங்க, வயலுக்கெல்லாம் போறதில்ல'ன்னு சொன்னாங்க." சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். "மேம், கல்லறைக்குப் போயிருக்காங்க."

"என்னது?"

"கல்லறைத் திருநாளுக்கு முன்னாடி அவங்க அம்மா கல்லறையில புல்லு புடுங்கியிருக்காங்க. அதுக்குத்தான் அக்காவும் வந்து தங்குனது. ரெண்டு பேருமா ஒக்காந்து நாள் முழுக்கப் புடுங்குனோம், இடுப்பளவு மண்டிக் கெடந்துச்சு, இப்ப அக்காவையே அங்க கொண்டுபோய் வச்சாச்சுன்னு சொல்லி அழுதாங்க."

வயல் வேலை உண்டா என்று கேட்டால், அம்மாவின் கல்லறையைச் சுத்தம் செய்ததை யாராவது சொல்வார்களா? அது வேலையில் சேராது, கடமையில் சேரும். ஆனால் புதர்ச் செடியில் இருக்கிற பூச்சிக்கு அந்த வித்தியாசம் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத சின்னப் பூச்சி. புல்லிலிருந்து ஏறி, துணி இறுக்கிப் பிடித்திருக்கிற இடம் வரை ஊர்ந்து, அங்கே கடிக்கும். வலிக்காது, அரிக்காது. பத்து நாள் போல ஆனதும் காய்ச்சல். உண்ணிக் காய்ச்சல் என்று சொல்கிறோமே, அது. ரத்தத் தட்டணுவும் இறங்கும், நெஞ்சில் நீரும் சேரும், பார்க்க அச்சு அசல் டெங்கு மாதிரியே இருக்கும். ஆனால் டெங்குவுக்கு மருந்து இல்லை. இதற்கு மருந்து உண்டு. எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கிற சாதாரண மாத்திரை. நேரத்தோடு கொடுத்தால் ஆள் எழுந்து உட்கார்ந்துவிடுவார், தவறவிட்டால் போய்விடுவார்.

இரண்டு பேரும் மாடி ஏறினோம். அங்கே போனால் நிலைமை வேறு. டீச்சருக்கு ஆக்ஸிஜன் போதவில்லை, வெண்டிலேட்டர் வைக்க வேண்டி வரலாம் என்று பேச்சு. சவரிமுத்து கீழே ஆம்புலன்ஸைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். திருச்சிக்குக் கொண்டு போகிறாராம்.

வார்டின் பெரிய டாக்டரிடம் போய்ச் சொன்னேன். நல்ல மருத்துவர், கோபக்காரர். அந்த மழைக்காலம் முழுக்க அவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்பாரா என்பதே சந்தேகம்.

"மேடம், அந்தக் காய்ச்சலுக்குக் கறுப்பா புண்ணு இருக்கணும்னு எனக்கும் தெரியும். கை, கால், கக்கம், கழுத்து எல்லாம் நானே பாத்தேன். ஒண்ணும் இல்ல. பேஷண்ட்டும் இல்லைன்னுதான் சொன்னாங்க. கார்டு பாசிட்டிவ். லேப்ல ஒக்காந்துக்கிட்டு இங்க வைத்தியத்த மாத்தச் சொல்றீங்க."

"மாத்தச் சொல்லல. இன்னொரு தடவ பாக்க விடுங்கன்னுதான் கேக்குறேன்."

"பாருங்க. யாரு வேணாம்னா?" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். எனக்கும் சுர்ரென்று வந்தது. அதை விழுங்கிக்கொண்டேன். சண்டை போட ஓய்வு பெற்ற பிறகு நிறைய நேரம் கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டேன், நினைத்தபடியே கிடைத்தது.

திரை போட்டுவிட்டு, நர்ஸும் நானும் நஸ்ரினும் உள்ளே போனோம். ஆஸ்பத்திரி அங்கி மாட்டியிருந்தார்கள். ஆனால் அங்கிக்கு உள்ளே டீச்சர் தன் பாவாடையைக் கழற்றவே விடவில்லை. எத்தனை பெண்களை நான் அப்படிப் பார்த்திருக்கிறேன்! உயிர் போனாலும் பாவாடை நாடாவை அவிழ்க்க விடமாட்டார்கள். ஆண் டாக்டர் எப்படிச் சொல்லுவார், இவர்தான் எப்படிச் சம்மதிப்பார்?

நஸ்ரின் குனிந்து அவர் காதருகே பேசினாள். "டீச்சர், நாங்க பொம்பளைக மட்டுந்தான் இருக்கோம். நாடாவக் கொஞ்சம் தளத்திக்கிறேன்."

"அங்கிட்டு... ஒண்ணும் இல்லம்மா," என்றார் டீச்சர், மூச்சுக்கு நடுவே.

நாடாவைத் தளர்த்தினாள். நான் செல்போன் விளக்கைப் பிடித்தேன். இடுப்பைச் சுற்றிக் கறுப்பாக ஒரு தடம். சேலை கட்டுகிற எந்தப் பெண்ணைப் பார்த்தாலும் அந்தத் தடம் இருக்கும். வருடக்கணக்காக நாடா இறுக்கி இறுக்கிக் காய்த்துப்போன இடம். நர்ஸுக்கும் இருக்கும், எனக்கும் இருக்கிறது. அதனாலேயே எங்கள் கண் அதில் நிற்காமல் தாண்டிப் போனது. நஸ்ரின் தாண்டவில்லை. முடிச்சு வருகிற இடத்தில் விரல் வைத்தாள்.

"டீச்சர், இங்க வலிக்குதா?"

"இல்ல... அது நாடாக் காய்ப்பு. எல்லாருக்கும்... இருக்கும்."

"எனக்குந்தான் இருக்கு டீச்சர். சுடிதாருக்கும் நாடாதான். ஆனா எனக்குப் பொருக்குத் தட்டல."

கறுத்த தடத்தின் மேல், அதே கறுப்பில், மிளகை விடக் கொஞ்சம் பெரிய ஒரு பொருக்கு. சுற்றிலும் மெல்லிய சிவப்பு வளையம். நாடா போர்த்தி, தழும்பு போர்த்தி, கூச்சம் போர்த்தி, அத்தனை பேர் பார்வைக்கும் தப்பித்து அங்கே உட்கார்ந்திருந்தது.

டாக்டரைக் கூப்பிட்டோம். வந்தார், பார்த்தார். திரும்பி நர்ஸிடம் மருந்தைச் சொன்னார். டெஸ்ட் எடுத்து, ரிசல்ட் வந்து, அப்புறம் ஆரம்பிக்கலாம் என்று அவர் சொல்லவில்லை. அந்த ஒன்றுக்காகவே அவரை எனக்கு இன்றும் பிடிக்கும். புதியவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள். உறுதியாகத் தெரிந்த பிறகுதான் செய்வேன் என்று லேபில் இருந்தால் சொல்லலாம். கட்டில் அருகே நின்றால், தெரிந்த வரைக்கும் வைத்துக்கொண்டு செய்யத்தான் வேண்டும்.

வெளியே சவரிமுத்து நின்றிருந்தார். "வண்டி நிக்குதுங்க. வழிய விடுங்க. போன தடவையும் இப்புடித்தான், இன்னும் ஒரு நாள் பாப்போம்னீங்க. ஒருத்திய இங்க குடுத்தது போதும்."

அவரை நான் எப்படித் தடுப்பேன்? எந்த வாயால் தடுப்பேன்? "போக வேணாம்னு சொல்லல. மருந்து உள்ள போகட்டும், அப்புறம் போங்க. போற எடத்துல மறுபடி டெங்குன்னு ஆரம்பிக்காம இருக்க, டாக்டர்கிட்ட நானே போன்ல பேசுறேன்" என்றேன். அவர் என்னை நம்பவில்லை. நம்ப வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. முடிவை டீச்சர்தான் எடுத்தார். முகமூடியை விலக்கிக்கொண்டு, "மச்சான், வண்டில குலுங்க... முடியாது. இந்தக் கொசு சொன்னா... சரியாருக்கும். இங்கனயே இருக்கேன்" என்றார். சவரிமுத்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டது. அதற்கடுத்த நாள் டீச்சர் ரசம் சாதம் கேட்டார். நஸ்ரின் துள்ளிக் குதித்தாள் என்று நினைக்கிறீர்கள். இல்லை. லேபுக்குப் போய் உறைபெட்டி முன்னால் நின்றாள். நான் பின்னாலேயே போனேன். எதற்கு நிற்கிறாள் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

"போடவா மேம்?" என்றாள்.

"போடாம இருந்துருவியா?"

அருள்மேரியின் ரத்தத்தை எடுத்துப் பார்த்தாள். டெங்கு வைரஸ் இல்லை. உண்ணிக் காய்ச்சல் கிருமியின் தடம் இருந்தது. அவளுடைய மிக நல்ல கேஸ் டெங்குவே இல்லை. அன்று அவள் அழுத அழுகையை நான் மறக்க மாட்டேன். அது ஆய்வுக்காக இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆய்வும் போய்த்தான் இருந்தது. அவள் சேர்த்து வைத்திருந்த மோசமான கேஸ்களை எல்லாம் மறுபடி பார்க்க வேண்டியிருந்தது, அதில் வேறு சிலவும் கழன்று விழுந்தன. முந்தின வருடக் கேஸ்களை வைத்து எழுதி அனுப்பியிருந்த கட்டுரையை அவளே திரும்பப் பெற்றாள். ஆய்வின் கேள்வியையே மாற்றிக்கொண்டு, கூடப் படித்தவர்கள் பட்டம் வாங்கி வெகுநாள் கழித்து வாங்கினாள். இப்போது வேறு ஊரில் பாடம் நடத்துகிறாள். அவளிடம் சேராத சாம்பிளை நீக்க அனுமதி கேட்டுப் போகிற பிள்ளைகளை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

ஆனால் அந்த நேரத்தில் எங்களை வாட்டியது ஆய்வு இல்லை. சொல்வதா, வேண்டாமா என்பதுதான்.

வேண்டாம் என்பதற்கு எல்லா நியாயமும் இருந்தது. ஆய்வுக்குக் கொடுத்த ரத்தம், முடிவை யாருக்கும் சொல்லப் போவதில்லை என்று முதலிலேயே பேசி வாங்கியது. நிர்வாகத்தில் ஒருவர், "போனவங்க கேஸைத் தோண்டாதீங்க மேடம். சொன்னா அந்தம்மா திரும்பி வரப்போறாங்களா?" என்றார். திரும்பி வர மாட்டார். சொன்னால் என்ன ஆகும் என்றும் எனக்குத் தெரியும். தொட்டி குற்றவாளி இல்லை என்று ஒரு வாயால் சொன்னால், உங்கள் மனைவியைக் காப்பாற்ற மருந்து இருந்தது என்று அதே வாயால் சொல்ல வேண்டி வரும். பாதியைச் சொல்லி மீதியை விழுங்க முடியாது.

சொல்லாமல் விட்டால்? ஒரு பெண் தன் அக்காவைத் தானே கொன்றதாக நினைத்துக்கொண்டு மிச்ச வாழ்க்கை முழுக்கப் பிள்ளைகளுக்குச் சுத்தம் சொல்லிக் கொடுக்க வேண்டும். அடுத்த வருடம் அதே ஊர்ப் பெண்கள் அதே கல்லறையில் புல் பிடுங்க உட்காருவார்கள். நெறிமுறைக் குழுவில் நான் இதைத்தான் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். குடும்பத்துக்குச் சொல்லலாம் என்று கடைசியில் ஒத்துக்கொண்டார்கள்.

எப்படிச் சொல்வது என்று நஸ்ரினும் நானும் பேசிக்கொண்டிருந்தபோது, பெரிய டாக்டர் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார். "என் கார்ல போலாம். நானும் வாரேன்," என்றார்.

நாங்கள் டீச்சர் வீட்டுக்குப் போன அன்று மழை விட்டிருந்தது. சவரிமுத்தையும் வரச் சொல்லியிருந்தோம். வாசலில் செருப்பை விட்டுவிட்டு, உள்ளே வராமல் நிலைப்படியிலேயே உட்கார்ந்திருந்தார். கொல்லைக் கதவு திறந்திருந்தது. உடைந்த தொட்டியின் சிமெண்ட் துண்டுகளை யாரும் அள்ளவில்லை, அப்படியே கிடந்தன. டீச்சர் மெலிந்து போயிருந்தார். எங்களுக்கு டீ போட்டுக்கொண்டு வந்தார். தட்டில் மூன்று டம்ளர்தான். சவரிமுத்துக்கு வைக்கவில்லை. வைத்தால் குடிக்க மாட்டார் என்று பழகிப்போயிருந்தது.

நஸ்ரின்தான் சொன்னாள். நானே சொல்வதாக இருந்தேன், அவள் விடவில்லை. "ஒங்க அக்கா ரத்தம் எங்கிட்ட இருந்துச்சு டீச்சர். பாத்தேன். அவங்களுக்கு டெங்கு இல்ல. ஒங்களுக்கு வந்ததுதான் அவங்களுக்கும். கல்லறைப் புல்லுல இருந்த பூச்சி. கொசு இல்ல, தண்ணி இல்ல, ஒங்க தொட்டி இல்ல."

டீச்சர் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். அழவில்லை. "நெசமாவாடி?" என்றார். "நெசமாவா சொல்ற?" மறுபடி மறுபடி அதையே கேட்டார்.

சவரிமுத்து நிலைப்படியிலிருந்து எழுந்தார். அவர் கொழுந்தியாளைப் பார்க்கவில்லை, எங்களைப் பார்த்தார். நாங்கள் பயந்துகொண்டிருந்த கேள்வியைத்தான் கேட்டார்.

"இவளுக்குக் குடுத்த மாத்திரைய அவளுக்கும் குடுத்திருந்தா?"

நஸ்ரின் என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் டாக்டர் எழுந்து நின்றார்.

"பொழைச்சிருக்கலாம்ங்க. ரெண்டு பேரையும் பாத்தது நாந்தான். மொத ஆளுக்கு என்னன்னு எனக்குப் புரியல."

சவரிமுத்து கத்தினார். என்ன கத்தினார் என்று உங்களுக்குச் சொல்ல மாட்டேன், அது எங்களுக்கு உரியது. தெருவில் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். டாக்டர் தலையைக் குனியாமல் முழுவதையும் நின்று வாங்கிக்கொண்டார். கத்திக் கத்திக் குரல் கம்மியபோது சவரிமுத்து எங்களைத் தாண்டிக் கொல்லைக்குப் போனார். உடைந்து கிடந்த தொட்டிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஒரு சிமெண்ட் துண்டை எடுத்துப் பார்த்தார், கீழே போட்டார். உள்ளே டீ ஆறிப்போனது.

பிறகு எழுந்து வந்தார். வீட்டுக்குள் வந்து, தரையில் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்துகொண்டார்.

"ஸ்டெல்லா," என்றார், "தொண்ட காயுது. தண்ணி குடு."

டீச்சர் அடுப்படிக்கு ஓடினார். குடத்திலிருந்து மொண்டு வந்த சொம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்; அப்படியும் வழியெல்லாம் சிந்தியது. அவர் வாங்கி, அண்ணாந்து, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். குடித்து முடிக்கும்வரை டீச்சர் அவர் முன்னாலேயே நின்றுகொண்டிருந்தார்.